சொல்லும் கட்டளையும்

வலைப்பக்கத்தில் பயனர் எழுதும் கருத்தும், அப்பக்கத்தை இயக்கும் நிரலும் எழுத்துகளால் ஆனவையே. அவற்றுள் எது வெறும் சொல், எது கட்டளை என்பதை உலாவி கோணக் குறி முதலான சில குறிகளைக் கொண்டே பிரித்தறிகிறது. பயனர் இடும் உரையில் அக்குறிகள் இருந்து, வலைத்தளமும் அவ்வுரையை ஆராயாமல் பக்கத்தில் சேர்த்துவிட்டால், அயலார் நிரல் அத்தளத்தின் சொந்த நிரலாகவே இயங்கும். இக்குறைபாடு 2000ஆம் ஆண்டில் ‘கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங்’ எனப் பெயர் பெற்றது.

ஒரு தளத்தின் தகவலை மற்றொரு தளம் படிக்காதவாறு உலாவி காக்கிறது. ஆயினும், தளத்திற்குள்ளேயே புகுந்துவிட்ட நிரலை அது ஐயுறுவதில்லை. எனவே, அந்நிரல் பயனரின் பெயரால் செய்தி அனுப்பலாம். அவர் திரையில் காண்பவற்றைக் கவர்ந்து செல்லலாம்.

பிளவுபட்ட சொல்

2005ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்காவின் ‘மைஸ்பேஸ்’ சமூக வலைத்தளத்தில் சாமி கம்கார் என்னும் இளைஞர் தம் பக்கத்தில் ஒரு நிரலைப் பொதிந்து வைத்தார். அப்பக்கத்தைப் பார்த்தவர்கள் தாம் அறியாமலேயே அவருக்கு நட்பு அழைப்பு விடுத்தனர். அவர்தம் பக்கங்களிலும் அந்நிரல் படிந்தது. ஒருநாள் முடிவதற்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பக்கங்களுக்கு அது பரவியது.

மைஸ்பேஸ் காவலின்றி இருந்ததன்று. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்னும் சொல்லை அது வடிகட்டி நீக்கிவந்தது. கம்கார் அச்சொல்லை ‘ஜாவா’, ‘ஸ்கிரிப்ட்’ என இரு வரிகளாகப் பிளந்து எழுதினார். வடிகட்டி அதனை அறியாது விடுத்தது. அக்காலத்து உலாவிகள் சிலவோ, அதனை ஒரே சொல்லாகக் கொண்டு இயக்கின. ஓர் உரையைத் தளம் ஒருவாறும் உலாவி வேறொருவாறும் படிக்குமிடமே ஓட்டை பிறக்கும் இடமாகும்.

கண்டறியும் முறை

ஆய்வாளர் முதலில் தேடல் பெட்டி, கருத்துப் பெட்டி, பெயர், வலைமுகவரி என உரை நுழையும் வாயில்களைப் பட்டியலிடுவர். ஒவ்வொன்றிலும் தீங்கற்ற தனிச்சொல் ஒன்றைக் கோணக் குறியோடும் மேற்கோள் குறியோடும் இடுவர். பின்னர், பக்கத்தின் மூலநிரலில் அச்சொல் எவ்விடத்தில், எவ்வடிவில் வந்துள்ளது என நோக்குவர். இடத்திற்கேற்ற மாற்றுக் குறியீடுகளாகக் குறிகள் மாறியிருப்பின் காவல் உண்டு. இட்டவாறே வந்திருப்பின் ஆபத்து உண்டு.

இட்ட உரை உடனே திரும்பி வருவது ஒருவகை. சேவையகத்தில் தங்கி, பிறர் பார்க்கும்போது வெளிப்படுவது இரண்டாம் வகை. மைஸ்பேஸில் நிகழ்ந்தது இதுவே. உலாவிக்குள் இயங்கும் தளநிரலின் பிழையால் விளைவது மூன்றாம் வகை.

திறனும் பொறுப்பும்

விளையாட்டாகத் தொடங்கிய செயலுக்காகக் கம்கார் 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை ஏற்றார். பின்னாளில் அவர் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளராக அறியப்பட்டார். பிறர் கணினி அமைப்பில் உரிமையாளரின் இசைவின்றிப் புகுவதை இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 தடைசெய்கிறது. ஆகவே, ஆய்வாளர் இசைவு பெற்றே சோதிப்பர். கண்ட குறையை முதலில் உரியவருக்கே அறிவிப்பர். ஒரே செய்முறை, இசைவுடன் செய்யும்போது காவலாகவும் இசைவின்றிச் செய்யும்போது குற்றமாகவும் அமைகிறது.