க்ளவுஸைக் கழற்றவைக்கும் சர்டிபிகேட்

வடசென்னை பாக்ஸிங் என்று எடுத்தாலே பேச்சு 2021-ல் வந்த ‘சார்பட்டா பரம்பரை’யில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. படம் ஓடிய சூட்டில் ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி என்று கேமராவோடு அலைந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கதையைத்தான் கொண்டுவந்தார்கள். பையனுக்கு நல்ல கை, நல்ல ஃபுட்வொர்க். குடி கெடுத்தது, கூட்டாளிகள் கெடுத்தார்கள். பரம்பரைகள் என்ற குத்துச்சண்டைக் குழுக்கள் ரோஷத்துக்கு மோதிக்கொண்ட காலத்துக்கு இந்தக் கதை ஓரளவு பொருந்தும். அதன் பிறகு வந்த பிள்ளைகளுக்கும் இதே சட்டையை மாட்டிவிடுவது சோம்பேறித்தனம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 54 கிலோ பிரிவில் சென்னைக்காரர் ஒருவர் ரிங்கில் இறங்கினார். 1994-ல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் அவருக்கு வெண்கலம். அதற்குப் பின் எத்தனை ஒலிம்பிக் போய்விட்டது! இங்கிருந்து ஓர் ஆண் குத்துச்சண்டை வீரர்கூடப் போகவில்லை. கை வேகத்தில் குறைந்தவர்களா நம் பிள்ளைகள்? ஜூனியர் பிரிவில் இவர்கள் ஆடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஜூனியரில் தெரிந்த முகம் சீனியரில் எங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

வேலைக்குப் போகிறது.

மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஒரு சான்றிதழ் உண்டு. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அதுதான் சாவி. எந்தப் போட்டிக்கு எந்த ஃபார்ம், எந்த வேலைக்கு எந்த ஃபார்ம் செல்லும் என்பதெல்லாம் பதினாறு வயதுப் பையனுக்கே அத்துப்படி. எடை பார்க்கும் காலையில் 200 கிராம் கூடுதலாகக் காட்டினால், டிராக் சூட்டுக்குள் பாலிதீன் கவரைச் சுற்றிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடுவான். தண்ணீர் குடிக்க மாட்டான். டம்ளரில் எச்சிலைத் துப்பித் துப்பி நாக்கு உலர்ந்த பிறகு மறுபடி தராசில் ஏறுவான். இத்தனை பாடும் பதக்கத்துக்கு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவன் கண்ணில் இருப்பது சர்டிபிகேட். அது கைக்கு வந்து, வேலையும் கிடைத்துவிட்டால் வீட்டில் வெடி வெடிப்பார்கள். கடலுக்குப் போகும் அப்பாவுக்கு மாதச் சம்பளக்கார மகன்! அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு பாக்ஸருக்கு உடம்பும் மூளையும் ஒன்றுகூடி வருவதே இருபத்து மூன்று, இருபத்து நான்கில்தான். நம் பிள்ளைகளில் பலர் அந்த வயதில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு டிபார்ட்மென்ட் மேட்ச் ஆடிக்கொண்டு இருக்கிறார்கள்.

வேலை கிடைத்தவன் கதை இது. கிடைக்காதவன் கதை வேறு.

2012 டிசம்பரில் இந்தியக் குத்துச்சண்டை அமைப்பை சர்வதேச அமைப்பு இடைநீக்கம் செய்தது. 2014-ல் அங்கீகாரமே போனது. நடுவில் ஒரு புது அமைப்பு முளைத்தது, அதுவும் கலைந்தது. 2016 செப்டம்பரில்தான் மறுபடி ஒழுங்கான ஒரு நிர்வாகம் அமைந்தது. இதை நாம் பேப்பரில் சங்கத் தகராறு என்று படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம். ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. சாதனையும் சமீபத்திய வருடங்களில் செய்ததாக இருக்க வேண்டும். தடை வந்தபோது 21 வயதில் இருந்த ஒரு பையனை வைத்துக்கொள்வோம். தேசியப் போட்டி எப்போது நடக்கும், நடந்தாலும் அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று யாரைக் கேட்பது? எல்லாம் சரியானபோது அவனுக்கு 25. அவன் குடிக்கவில்லை, கத்தி எடுக்கவில்லை, ஒரு நாள் பிராக்டீஸைக்கூட விடவில்லை. ஆனாலும் வீணானவர்கள் பட்டியலில் அவன் பெயரும் சேர்ந்துவிட்டது.

ஹரியானாவின் பிவானியிலும் அரசு வேலைதான் கனவு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியாவின் ஐந்து பாக்ஸர்களில் நால்வர் அந்த ஊரில் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் அங்கே பெரிய பதக்கம் வாங்கினால்தான் பெரிய வேலை. ஒலிம்பிக் தங்கத்துக்கு 6 கோடி ரூபாய் என்று அந்த மாநிலம் அறிவித்திருக்கிறது. ராணுவத்தில் சேரும் பையனுக்கோ வேலையும் பயிற்சியும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. இங்கே வேலை முதலில் வந்துவிடுகிறது, அதற்கப்புறம் பதக்கம் எதற்கு?

எடை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் பையன்கள் பெரும்பாலும் சிறுத்த உடம்புக்காரர்கள். 2016 ரியோவோடு ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 49 கிலோ பிரிவை எடுத்துவிட்டார்கள். 2018 ஆசிய விளையாட்டில் அதே 49 கிலோவில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர், வேறு வழியில்லாமல் 52-க்கு ஏறினார். 2019 உலகப் போட்டியில் வெள்ளியும் வாங்கினார். டோக்கியோவில் முதல் சண்டையிலேயே தோல்வி. ராணுவத்தின் சாப்பாடும் பயிற்சியும் பெற்றவருக்கே மூன்று கிலோ அவ்வளவு பெரிய மலை. காலையில் டீயும் பன்னும் சாப்பிட்டு ஜிம்முக்கு வருகிறவன் என்ன செய்வான்?

பெண்கள் நிலைமை இன்னும் மோசம். சென்னையின் 48 கிலோ பாக்ஸர் ஒருவரைப் பின்தொடர்ந்து நார்வேக்காரர்கள் 2013-ல் ஓர் ஆவணப்படமே எடுத்தார்கள். உலகமெல்லாம் திரையிட்டார்கள். அதனால் அவருக்கு எந்தப் பதக்கமும் வந்துவிடவில்லை.

தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் வேலை வாங்கும் பாக்ஸருக்கு முதல் நான்கு வருஷம் பயிற்சியையே பணியாகக் கணக்கு வைத்தால் என்ன? 2012-க்கும் 2016-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களின் வயதிலிருந்து அந்த வருடங்களைக் கழித்தால் என்ன? அவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. ரிங்குக்குத் திரும்ப முடியாது, கோச் வேலைக்காவது கூப்பிடலாம்.