பில்லிங் கவுன்ட்டருக்கு எந்த ஓஎஸ்? ஒரு பொம்மிடி கடைக்கு யோசிச்சுப் பார்ப்போம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

சென்னையிலயும் பெங்களூருலயும் வேலை பார்க்கற நம்மள்ல நிறைய பேருக்கு ரெண்டாவதா ஒரு வேலை இருக்கு. அதுக்குச் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. ஊர்ல அப்பா கடைக்கோ சித்தப்பா கடைக்கோ நாமதான் ஐடி டிபார்ட்மென்ட். சனிக்கிழமை சாயங்காலம், கடையில கூட்டம் நிக்கற நேரத்துல போன் வரும்: "பில்லு வர மாட்டேங்குதுப்பா, என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது."

இன்னைக்கு அந்த போன் கால் பத்தித்தான் பேசப் போறோம். மனசுல ஒரு ஊரை வச்சுக்கலாம். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவுல, தர்மபுரி மாவட்டத்துல இருக்கற பொம்மிடி. அங்க ஒரு மளிகைக் கடை. கடை கற்பனை, ஊர் நிஜம். ஒரு பழைய கம்ப்யூட்டர், பார்கோடு ஸ்கேனர், 3 இன்ச் தெர்மல் பிரிண்டர், கல்லாப் பெட்டி. ஓடறது விண்டோஸ் 10.

அந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் இலவச பாதுகாப்பு அப்டேட் தர்றதை 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திடுச்சு. கம்ப்யூட்டர் அடுத்த நாளும் ஓடும், அதனாலதான் யாரும் கண்டுக்கறதில்லை. வீட்டு உபயோகத்துக்கு ஒரு வருஷ நீட்டிப்பு இருக்கு. ஆனா வியாபார உபயோகமும் கியோஸ்க் மோடுல ஓடற மெஷினும் அந்தத் திட்டத்துல சேராது. கடைகளுக்குன்னு தனியா காசு கட்டற நீட்டிப்பு 3 வருஷம் வரைக்கும் கிடைக்கும், வருஷா வருஷம் விலை ரெட்டிப்பாகும். விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா பொதுவா 8-ஆம் தலைமுறை சிப்பாவது வேணும். பழைய மெஷின்ல அது இருக்காது.

சின்னக் கடைதானே இப்படி அசால்ட்டா இருக்குன்னு நினைச்சா, நம்ம ஏடிஎம் கதையைப் பாருங்க. ஏடிஎம்மும் உள்ள பார்த்தா ஒரு கம்ப்யூட்டர்தான். நிறைய மெஷின் விண்டோஸ் எக்ஸ்பில ஓடிட்டு இருந்துச்சு. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஓட முடிஞ்சது. 2017 ஏப்ரல்லயே ரிசர்வ் வங்கி எச்சரிச்சது. வேலை நகரலை. கடைசில 2018 ஜூன்ல கெடு வச்சு சர்க்குலர் போட்டாங்க: செப்டம்பருக்குள்ள கால்வாசி ஏடிஎம், டிசம்பருக்குள்ள பாதி, அடுத்த மார்ச்சுக்குள்ள முக்கால்வாசி, 2019 ஜூனுக்குள்ள எல்லாமே மாறியிருக்கணும். ஆதரவு போன தேதியில இருந்து 5 வருஷம்!

எனக்கு அந்த சர்க்குலர்ல பிடிச்சது வேற விஷயம். ஓஎஸ் மாத்தறதுக்கு முன்னாடியே செய்ய வேண்டிய வேலைகளை அது சொல்லுது. பயாஸுக்கு பாஸ்வேர்டு, யுஎஸ்பி போர்ட்டை மூடறது, பென்டிரைவ் சொருகினா தானா ஓடற வசதியை நிறுத்தறது, அனுமதிச்ச புரோகிராம் மட்டும் ஓடற மாதிரி வைக்கறது. பொம்மிடி கடையில யுஎஸ்பி மொத்தத்தையும் மூட முடியாது, ஸ்கேனர் அதுலதான் மாட்டியிருக்கும். பென்டிரைவை மட்டும் தடுக்கலாம். ஞாயித்துக்கிழமை பசங்க பாட்டு போட பென்டிரைவ் சொருகறது அதே கம்ப்யூட்டர்லதானே?

சரி, எந்த ஓஎஸ்? என் கருத்து: ஓஎஸ்ஸைக் கடைசியாத் தேர்ந்தெடுங்க. முதல்ல பில்லிங் சாஃப்ட்வேர். கடையில டேலி ஓடுதுன்னா அது விண்டோஸுக்கான சாஃப்ட்வேர், விவாதம் அங்கயே முடிஞ்சது. லினக்ஸ் மேல நமக்கு இருக்கற காதலை அப்பா கல்லாவுல பரிசோதிக்க வேண்டாம். ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி பிரவுசர்ல ஓடற சாஃப்ட்வேர்னா எல்லாக் கதவும் திறந்திருக்கு.

அடுத்தது பிரிண்டர். இங்க கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா தமிழ்ல பில் வேணும்னு கேக்கற கடைக்காரர் மாட்டிக்கற இடம் இதுதான். தெர்மல் பிரிண்டர்களுக்கு எப்சன் உருவாக்கின ஒரு கட்டளை மொழி இருக்கு, பெரும்பாலான கம்பெனிகள் அதைத்தான் பின்பற்றறாங்க. "இந்த எழுத்தை அடி, இங்க வெட்டு, கல்லாவைத் திற"ன்னு நேரடியாச் சொல்லலாம். கல்லாப் பெட்டி ஒயர் பிரிண்டர்லதான் மாட்டியிருக்கும், திறக்கச் சொல்றதும் பிரிண்டர்தான். வேகமா வேலை நடக்கும். ஆனா சாதாரண பிரிண்டருக்குள்ள தமிழ் ஃபான்ட் இருக்காது. நீங்க "உளுந்து"ன்னு அனுப்பினா கேள்விக்குறியாவோ கிறுக்கலாவோ வரும். விண்டோஸ் டிரைவர் வழியா அடிக்கும்போது பில் மொத்தமும் படமா மாறிப் போறதால தமிழ் சரியா வரும். லினக்ஸ், ஆண்ட்ராய்டுலயும் முடியும், ஆனா ஆப் எழுதினவர் பில்லைப் படமா மாத்தி அனுப்பியிருக்கணும். அதனால "தமிழ் சப்போர்ட் உண்டா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் உண்டுன்னுதான் சொல்லுவாங்க. ஒரு பில் அடிச்சுக் காட்டச் சொல்லுங்க.

இப்ப ஓஎஸ்ஸுக்கு வரலாம். விண்டோஸ்தான்னு முடிவானா, ஹோம் எடிஷன் வேண்டாம். கியோஸ்க் மோடு அதுல இல்லை. பில்லிங் மெஷினுக்குன்னே ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சின்னு ஒரு வகை இருக்கு. விண்டோஸ் 10-இன் 2021 எல்டிஎஸ்சிக்கு 2032 ஜனவரி 13 வரைக்கும் அப்டேட் உண்டு. புது வசதின்னு எதையும் கொண்டுவந்து திணிக்காது, பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். "ரைட் ஃபில்டர்"னு ஒண்ணும் இருக்கு. அதைப் போட்டா யார் என்ன மாத்தினாலும் ரீஸ்டார்ட் பண்ணினதும் பழையபடி ஆகிடும். அன்னைக்குப் போட்ட பில் கணக்கும் அதோட போயிடாம இருக்க, டேட்டாவைத் தனி டிரைவ்ல வைக்கணும். ஒரு சிக்கல்: இந்த வகை சில்லறையில கிடைக்காது, மெஷினோட சேர்த்துத்தான் விப்பாங்க.

லினக்ஸ்னா உபுண்டு எல்டிஎஸ் போதும், 5 வருஷம் அப்டேட். ஆன் பண்ணினதும் பிரவுசர் முழுத்திரையில பில்லிங் பக்கத்தைத் திறக்கற மாதிரி வச்சுட்டா, உள்ள என்ன ஓஎஸ்னு கடைப் பையனுக்குத் தெரியவே தெரியாது. பழைய கம்ப்யூட்டரே ஓடும், அதுதான் பெரிய லாபம்.

ஆண்ட்ராய்டு கையடக்க மெஷின், பிரிண்டரோட சேர்ந்தே வர்றது, டீக்கடைக்கும் பேக்கரிக்கும் அருமை. கரண்ட் போனாலும் பேட்டரில ஓடும். ஆயிரக்கணக்குல அயிட்டம் இருக்கற மளிகைக் கடைக்கு அந்தச் சின்னத் திரை பத்தாது. வாங்கும்போது கடைசி செக்யூரிட்டி பேட்ச் தேதியை செட்டிங்ஸ்ல பாருங்க. பெட்டியில எழுதியிருக்கறதை விட அதுதான் உண்மை பேசும்.

எதை எடுத்தாலும் ஒரு நாள் விழும். 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்ல உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நின்னுச்சு. நம்ம ஏர்போர்ட்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. சரிபண்ண நிறைய மெஷின்கிட்ட ஒரு ஆள் நேர்ல போய் உட்கார வேண்டியிருந்துச்சு. பொம்மிடிக்கு அந்த ஆள் சேலத்துல இருந்தோ தர்மபுரில இருந்தோ வரணும், இல்ல நீங்க ராத்திரி ரயில் ஏறணும். அதனால எல்லாம் சரியா செட் பண்ணி முடிச்ச அன்னைக்கே அந்த டிஸ்க்கை அப்படியே இன்னொரு எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்து, கவர்ல போட்டு, பீரோவுல வச்சுட்டு வாங்க. எப்படி மாட்டறதுன்னு கடையில ஒருத்தருக்குச் செஞ்சு காட்டுங்க. பில் டேட்டா மட்டும் தினமும் தனியா பேக்கப் ஆகணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு பென்டிரைவ்ல உபுண்டு ஏத்தி எடுத்துட்டுப் போங்க. இன்ஸ்டால் பண்ணாம அதுல இருந்தே பூட் பண்ணலாம், ஏற்கெனவே இருக்கறது எதுவும் அழியாது. ஸ்கேனரை மாட்டினா கீபோர்டு மாதிரியே வேலை செய்யும். அப்புறம் பிரிண்டர்ல "கொத்தமல்லி 100 கிராம்"னு ஒரு பில் அடிச்சுப் பாருங்க. அது சரியா வந்தா, பழைய கம்ப்யூட்டரை வச்சுக்கலாமா வேண்டாமான்னு அப்பாகிட்ட பேச உங்க கையில ஒரு சீட்டு இருக்கும்.