சரக்குக்கு ஒரு நீதி, படிப்புக்கு ஒரு நீதியா?

வெளியூர் மூட்டை வந்தால் நாம் ஊர்ப்பெயரைப் பார்த்துத் தள்ளுவதில்லை. குத்தூசி விட்டு, நாலு மணியைக் கையில் உருட்டிப் பார்த்தே விலை சொல்கிறோம். கனடாவில் குடியேறியவர்களின் படிப்புக்கோ இந்த மரியாதை கிடைக்கவில்லை. 1983க்குப் பின் டொராண்டோ சென்ற ஈழத்தமிழரில் பட்டதாரிகள் பலர். 'கனடிய அனுபவம் உண்டா?' என்ற ஒரே கேள்வியில் கணக்கர்களும் பொறியாளர்களும் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்!

ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013இல் இதைப் பாகுபாடு என்றது. பொறியாளர் உரிமத்துக்கு ஓராண்டு உள்நாட்டு அனுபவம் என்ற விதி 2023இல்தான் நீங்கியது. 2026 ஜனவரி முதல் அம்மாகாணத்தில் வேலை விளம்பரத்திலும் அப்படிக் கேட்கக் கூடாது. ஆனால் 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு விலக்கு உண்டு. நம்மைப் போன்ற சிறு மளிகைக் கடைகள் அதில்தான் வருகின்றன.