புஸ்வாணம்னா அவ்வளவு இளப்பமா?

எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் யாருக்காவது பட்டப்பெயர் வைக்கணும்னா ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை தோழியரே! பட்டாசுப் பெயர்களை வைத்தே ஒரு அகராதி போட்டு விடலாம். எங்கள் தெருக் குழாயடியில் பெண்கள் சேர்ந்து உருவாக்கிய அகராதியிலிருந்து கொஞ்சம் சாம்பிள்...

சரவெடி: மூச்சு விடாமல் பேசுபவர். நடுவில் நாம் ‘ம்’ கூட கொட்ட முடியாது.

ஊசிவெடி: சின்னச் சின்னதாகக் குத்திப் பேசும் நாத்தனார்.

சங்குசக்கரம்: காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார், ஒரு வேலையும் முடிந்திருக்காது.

ராக்கெட்: கைமாத்து வாங்கும் வரை பக்கத்தில் நிற்பார். வாங்கியதும் ஆளைத் தேட வேண்டியதுதான்!

பாம்பு மாத்திரை: இத்தனூண்டு விஷயத்தை இழு இழு என்று இழுப்பார். ஊதினால் எல்லாம் சாம்பல்.

நமுத்த வெடி: சீட்டுப் பணம் எப்போ தருவீங்கன்னு கேட்டால் வாயே திறக்காதவர்.

ஒரு சொல்லுக்கு வேற அர்த்தம் ஏற்றுவதில் நம் ஜனங்களை மிஞ்ச முடியாது. வாயில் போட்டால் கரையும் அல்வா, ‘அல்வா கொடுத்துட்டான்’ என்றால் ஏமாற்றுவதாகி விட்டது. 1994ல் ‘அமைதிப்படை’ படம் வந்த பிறகு அந்தப் பேச்சு பட்டிதொட்டியெல்லாம் பரவியது. வெயிலில் பாடுபட்டு விளைவிக்கும் கடலை, காலேஜ் பிள்ளைகளிடம் வெட்டி அரட்டை ஆகிவிட்டது. 2001ல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு செய்த ஆணி காமெடியைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் ஆபீஸ் வேலையையே ‘ஆணி புடுங்குறது’ என்கிறார்கள்!

இதெல்லாம் வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கவும் முடியாது. கரிசல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முழுசாக முடிக்காத விவசாயி. அவர்தான் 1982ல் கரிசல் மக்களின் பேச்சுச் சொற்களுக்கு அகராதியே கொண்டு வந்தார். பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அமர்த்திக் கொண்டது. ஆக, குழாயடிப் பேச்சுக்கும் மரியாதை உண்டு!

ஆனால், எங்கள் அகராதியில் ஒரு சொல் ஒரு பிள்ளையை அழ வைத்து விட்டது. பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலான பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, தெருப் பையன்கள் வைத்த பெயர் ‘புஸ்வாணம்’. ரொம்ப எதிர்பார்த்து ஒன்றுமில்லாமல் போனால் ‘புஸ்வாணமாயிடுச்சு’ என்கிறோமே, அதுதான். அந்தப் பிள்ளை கடைக்குக் கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கி விட்டாள். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டவும் மாட்டேன் என்று அடம்.

பட்டாசு ஆபீசில் இருபது வருஷம் வேலை பார்த்த பெரியம்மா ஒருத்தர் எங்கள் தெருவில் இருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு, அவள் வீட்டுக்கே போய் விட்டார்.

“ஏத்தா, புஸ்வாணம்னா கேவலமா? அதை வெடிக்கவா செய்யுறோம்? பூவாக் கொட்டத்தானே செய்யுறோம்! திரி பத்துன உடனே கொஞ்ச நேரம் சும்மா பொகையும். அதைப் பார்த்துட்டு அணைஞ்சு போச்சுன்னு நினைக்கிறவன் கிறுக்கன். அதுக்குப் பிறவுதான் ஆளுயரத்துக்கு எந்திரிக்கும். தீவாளிக்குக் கொளுத்திப் பாரு!” என்றார்.

அந்தப் பெண் அன்றைக்குத்தான் சிரித்தாள். பணமும் கட்டினாள். துணைத் தேர்வில் 52 மார்க் வாங்கி, இப்போது பதினோராம் வகுப்பு போகிறாள். பையன்கள் இன்னும் ‘புஸ்வாணம்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் “என்னடா?” என்று திரும்பிப் பார்க்கிறாள்!

எங்கள் குழாயடி அகராதியிலும் திருத்தம் செய்து விட்டோம். புஸ்வாணம்: கொஞ்சம் தாமதமாகப் பூப்பவர்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் யாருக்காவது பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அது என்ன, அந்தப் பெயருக்கு உரியவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்.

– ஒரு வாசகி, காரியாபட்டி.