சிக்காகோ பொதுப்பள்ளி நிர்வாகமும் ஆசிரியர் பார்வையும்

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகளை நடத்தும் அடிப்படை அலகு பள்ளி மாவட்டம் ஆகும். இது வருவாய் மாவட்டம் போன்றதன்று. பள்ளிகளுக்கென்றே அமைந்த தனி உள்ளாட்சி அமைப்பு. பெரும்பாலான பள்ளி மாவட்டங்களில் மக்கள் வாக்களித்துக் கல்வி வாரியத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். அந்த வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கிறது. இலினொய் மாநிலத்தின் சிக்காகோ நகரம் இதற்கு நெடுங்காலம் விலக்காக இருந்தது. அங்கு 2024 வரை வாரிய உறுப்பினர் எவரையும் மக்கள் தேர்ந்தெடுத்ததில்லை. வகுப்பறையில் நிற்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் இடையிலுள்ள தொலைவைப் புரிந்துகொள்ள இந்நகரம் நல்ல எடுத்துக்காட்டாகும்.

நிர்வாகம் மாறிய விதம்

1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளூர்ப் பள்ளி மன்றம் ஒன்றை அமைத்தது. அதில் பெற்றோர் அறுவர், அப்பகுதி மக்கள் இருவர், ஆசிரியர் இருவர் ஆகியோருடன் தலைமையாசிரியரும் இடம்பெற்றார். தலைமையாசிரியரைத் தேர்வு செய்யும் அதிகாரமும் இம்மன்றத்துக்குக் கிடைத்தது. ஏழே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. 1995இல் இயற்றப்பட்ட சட்டம் வாரியத்தை நேரடியாக மேயர் ரிச்சர்ட் எம். டேலியின் கையில் கொடுத்தது. கண்காணிப்பாளர் என்ற பதவிப் பெயரும் மறைந்து, வணிக நிறுவனங்களில் உள்ளதுபோல் 'தலைமைச் செயல் அலுவலர்' என்பது வந்தது. முதலில் அப்பதவிக்கு வந்த பால் வாலஸ் நகரத்தின் நிதிநிலைத் துறையை நடத்தியவர். பின்னர் வந்த ரான் ஹூபர்மன் காவல்துறையில் பணியாற்றி, நகரப் போக்குவரத்துக் கழகத்தை நடத்தியவர்.

வகுப்பெடுத்து அறியாதவர்கள் பள்ளிகளை ஆள்கிறார்கள் என்பது ஆசிரியர்களின் முதல் மனக்குறை. இது முழு விளக்கமன்று. ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் அப்பதவிக்கு வந்தவர்களும் உண்டு. அவர்களுள் ஒருவரான பார்பரா பேர்ட்-பென்னட், ஒப்பந்தப்புள்ளி கோராமல் 2 கோடி டாலருக்கு மேற்பட்ட பயிற்சி ஒப்பந்தத்தை ஒரு நிறுவனத்துக்கு வழங்கிய வழக்கில் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு பகுதி செய்திகளில் குறைவாகவே பேசப்பட்டது. ஆசிரியர்களுக்கோ அதுதான் பெரிதாக இருந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கலாம், பள்ளி நேரம் எவ்வளவு என்பன போன்றவற்றில் சங்கத்தின் பேச்சுவார்த்தை உரிமையை அது கட்டுப்படுத்தியது. ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்யலாம். ஒரே அறையில் 38 பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தாலும் அதற்காகச் செய்ய இயலாது. 2012 செப்டம்பரில், வேதியியல் ஆசிரியரான காரென் லூயிஸின் தலைமையில் ஆசிரியர் சங்கம் 7 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. 25 ஆண்டுகளில் அதுவே முதல் வேலைநிறுத்தம். அதை ஊதியப் போராட்டமாக மட்டும் பலர் கண்டதற்கு இச்சட்டமும் ஒரு காரணம்.

30 என்ற எண்

2013 மே 22 அன்று, மேயர் ராம் இம்மானுவேல் நியமித்த வாரியம் ஏறக்குறைய 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. அமெரிக்க வரலாற்றில் ஒரே நேரத்தில் இத்தனை பள்ளிகளை வேறெந்த மாவட்டமும் மூடியதில்லை. நிர்வாகத்தின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. 2000க்கும் 2010க்கும் இடையில் நகரம் ஏறக்குறைய 2 இலட்சம் மக்களை இழந்திருந்தது. நிதிப் பற்றாக்குறை ஏறத்தாழ 100 கோடி டாலர் என்று மாவட்டம் கணக்குக் காட்டியது. பாதி காலியான கட்டடத்துக்கும் கூரையும் வெப்பமூட்டியும் வேண்டும்.

ஆசிரியர்கள் கேள்வி எழுப்பியது 'காலி' என்பதை அளந்த முறையைப் பற்றி. கட்டடத்தின் அறைகளில் ஒரு பகுதியைச் சிறப்புப் பாடங்களுக்கென்று கழித்துவிட்டு, எஞ்சிய ஒவ்வோர் அறைக்கும் 30 பிள்ளைகள் என்று மாவட்டம் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கையில் 80 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் அப்பள்ளி குறைவாகப் பயன்படுகிறது என்று பொருள். 120 விழுக்காடு வரை இருந்தால் சரியான அளவு. அதாவது அறைக்கு 23 பேர் இருந்தால் இடம் வீணாகிறது. 36 பேர் இருந்தால் குறையேதுமில்லை. அதே மாவட்டத்தின் வகுப்பளவு நெறிமுறையோ மழலையர் முதல் 3ஆம் வகுப்பு வரை 28, 4 முதல் 8ஆம் வகுப்பு வரை 31 என்றிருந்தது! மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்பில் சட்டப்படி 30 பேரை அமர்த்தவே முடியாது. ஆகவே அத்தகைய வகுப்புகளை மிகுதியாக நடத்திய பள்ளி, தாள் கணக்கில் காலியான பள்ளியாகத் தோன்றியது. ஓராண்டு அங்கே பாடம் நடத்தியவர் எவரும் இதைச் சொல்லியிருப்பார். பொதுக் கூட்டங்களில் பலர் சொல்லவும் செய்தனர். மூடும் பட்டியல் 54இலிருந்து 50 அளவுக்குக் குறைந்தது. கணக்கிடும் முறை மாறவில்லை.

ஆசிரியர் பார்வையில் தன்னலமும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. 2013 ஜூலையில் மட்டும் ஆசிரியர்களும் பிற பணியாளர்களுமாக 2,000 பேருக்கு மேல் வேலையிழந்தனர். ஆயினும் 2018இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை அவர்களின் அச்சத்தில் உண்மை இருந்ததைக் காட்டியது. மூடப்பட்ட பள்ளிகளிலிருந்து சென்ற பிள்ளைகள் பெரும்பாலும் மதிப்பீட்டில் உயர்ந்த பள்ளிகளிலேயே சேர்ந்தனர். எனினும் அவர்களின் கற்றல் உயரவில்லை; கணிதத்தில் ஏற்பட்ட பின்னடைவு சில ஆண்டுகள் நீடித்தது. இப்பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மூடப்பட்ட பள்ளி ஒன்றில் முன்பு ஆசிரியராக இருந்த சமூகவியலாளர் ஈவ் யூவிங், 2018இல் வெளிவந்த தம் நூலில் இந்த இழப்பை ஒரு துக்கமாகவே விளக்குகிறார்.

அதே காலத்தில் நிதிப் பங்கீடும் மாறியது. பணியிடங்களுக்கு ஏற்ப அன்றி, பிள்ளை ஒருவருக்கு இவ்வளவு என்று பணம் வந்தது. 20 பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனால் இசை ஆசிரியர் பணியிடமோ நூலகர் பணியிடமோ போகும். அனுபவம் மிக்க ஆசிரியர் பள்ளிக்குச் செலவு மிக்கவரானார்.

தேர்தலுக்குப் பின்

2021இல் இரு சட்டங்கள் வந்தன. ஒன்று, 1995இல் பறிபோன பேச்சுவார்த்தை உரிமையை மீட்டுத் தந்தது. மற்றொன்று, 21 பேர் கொண்ட, மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்கு வழி செய்தது. 2023இல், முன்னாள் ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான பிராண்டன் ஜான்சன் மேயரானார். ஆசிரியர் ஒருவர் தலைமைக்கு வந்தால் பூசல் தீரும் என்று எண்ணியவர்களுக்கு அடுத்த ஆண்டே வியப்புக் காத்திருந்தது. நிதிப் பற்றாக்குறையை ஈடுகட்டக் கடன் வாங்குவதைத் தலைமைச் செயல் அலுவலர் பெட்ரோ மார்ட்டினெஸ் எதிர்த்தார். 2024 அக்டோபரில், மேயர் நியமித்த வாரிய உறுப்பினர்கள் அனைவரும் பதவி விலகுவதாக அறிவித்தனர். புதிதாக நியமிக்கப்பட்ட வாரியம் டிசம்பரில் மார்ட்டினெஸை நீக்க வாக்களித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பத்து உறுப்பினர்கள் 2025 ஜனவரியில் பதவியேற்றனர். மற்ற 11 பேர் மேயரின் நியமனம். 2026 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு, 2027 ஜனவரி முதல் 21 இடங்களும் வாக்காளர் கையில் என்கிறது சட்டம்.