தொட்டிச் செடிக்குத் தவணை தருவோம்

சென்ற மாதம் தணிக்கைக்குச் சென்ற ஊரில், சங்க அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டு முற்றத்திலிருந்த ஆறு மல்லிகைத் தொட்டிகளை எமக்குக் காட்டினார். நான்கு பட்டுப்போயிருந்தன. தொட்டி மாற்றிய அன்றே உரமிட்டாராம். இலை துவளவே, நாளுக்கு மூன்று முறை நீரும் வார்த்தாராம். பூ விற்று வீட்டுச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்ட எண்ணியிருந்த அவருக்கு, அவருடைய அக்கறையே வினையாயிற்று.

செடியைப் பெயர்த்து நடுகையில், நீரை உறிஞ்சும் நுண்ணிய வேர்த்தூவிகள் அறுபடுகின்றன. அந்நிலையில் மிகுதியாக இடும் இரசாயன உரத்தின் உப்பு, வேரிலுள்ள நீரையே வெளியே இழுத்துவிடும். ஓயாது வார்க்கும் நீரோ, மண்ணிலுள்ள காற்றை வெளியேற்றி வேரை அழுகச் செய்யும். இவ்விரண்டினாலும் இலை துவளும். அதனைத் தாகமென்று மயங்கலாகாது.

ஆகவே, நட்டவுடன் அடித் துவாரத்தின் வழியே வடியுமளவு ஒருமுறை நீர் வார்க்க வேண்டும். பின்னர் விரலை ஓர் அங்குலம் நுழைத்துப் பார்த்து, மண் உலர்ந்திருந்தால் மட்டுமே வார்த்தல் நலம். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தொட்டி நிழலில் இருக்கட்டும். நான்கு வாரமேனும் கழிந்து, புதுத் தளிரும் கண்ட பின்னரே, கடலைப் பிண்ணாக்கு ஊறிய நீரின் தெளிவில் பத்து மடங்கு நீர் கலந்து, ஈர மண்ணில் ஊற்றலாம்.

எஞ்சிய இரு செடிகளையும் நிழலில் வைத்து, உரத்தை நிறுத்துமாறு கூறி வந்தோம். அறுந்த இழையைப் பிணைத்த பின்னரன்றோ நெசவாளர் நாடாவை ஓட்டுவர்? வேருக்கும் அத்தவணையைத் தருவோமாக.