தூரத்திலிருந்து பேச்சு சிகிச்சை

மூன்று வயதாகியும் பேசாத பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், ஊரில் எல்லோரும் வைத்தியராகி விடுவார்கள். "அவன்ட வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர்" என்பது அதிகம் கேட்கும் தீர்ப்பு. சில பிள்ளைகள் உண்மையிலேயே பிந்தித்தான் பேசும். ஆனாலும் இரண்டு வயதில் "உம்மா வா", "தண்ணி தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்காத பிள்ளையை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. முதலில் காது கேட்கிறதா என்று சோதிப்பார்கள். பேச்சு சிகிச்சை அதன் பிறகுதான்.

அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இலங்கையில் பேச்சு சிகிச்சையாளர்களைப் பயிற்றுவிக்கும் முதல் பாடநெறி 1997இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானது. தமிழில் சிகிச்சை தரக்கூடியவர்கள் இன்றும் குறைவு. படுவான்கரையிலிருந்து ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வாவியைக் கடந்து, பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வந்து போனால் ஒரு நாள் முடிந்துவிடும். கொழும்பு என்றால் 300 கிலோமீற்றர். 2020இல் கொவிட் வந்தபோது உலகெங்கும் பல சிகிச்சையாளர்கள் வீடியோ அழைப்புக்கு மாறினார்கள். தூரத்திலிருப்பவர்களுக்கு அந்த வழி இன்றும் உதவுகிறது.

என் சாச்சியின் மகனுக்குச் சென்ற வருடம் வாட்ஸ்அப் வீடியோவில் சிகிச்சை தொடங்கியது. வாரம் ஒருமுறை, அரை மணித்தியாலம். திரையில் அந்த மிஸ் சொல்லச் சொல்லப் பிள்ளை திருப்பிச் சொல்வான் என்றுதான் சாச்சி நினைத்திருந்தார். அவனோ முதல் நாளே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மிஸ் அவனைக் கூப்பிடவேயில்லை. "பரவாயில்லை, நீங்க அவரோட விளையாடுங்க. நான் பார்க்கிறேன்" என்றார். அன்று இரவு சாச்சி உம்மாவிடம், "காசையும் குடுத்துப்போட்டு வேலையும் நானா செய்யிற?" என்று கேட்டார்.

பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது. விடை, ஆம், வேலை பெற்றோருக்குத்தான். வாரத்தில் அரை மணித்தியாலம் யாரும் ஒரு பிள்ளைக்குப் பேச்சைப் புகட்டிவிட முடியாது. மிஸ் பார்த்துக்கொண்டிருந்தது சாச்சியைத்தான். பிள்ளை கையை நீட்டுமுன் தண்ணீர் வந்துவிடுகிறது; அவனுக்குச் சொல் தேவைப்படவேயில்லை. "கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவர் 'த' என்றாலும் கொடுங்கள். கொடுக்கும்போது 'தண்ணி' என்று நீங்கள் சொல்லுங்கள்." இவ்வளவுதான் முதல் வாரப் பாடம். கேட்க இலகு. அழும் பிள்ளைக்கு முன்னால் ஐந்து வரை எண்ணிப் பாருங்கள்!

வீட்டிலேயே நடப்பதில் ஒரு நன்மையும் உண்டு. படஅட்டையில் 'அப்பா' என்றிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையே! அட்டையை விட்டுவிட்டு, அவன் தினமும் கேட்கும் சொற்களை எழுதச் சொன்னார் மிஸ். உம்மா, வாப்பா, சோறு, மீன், பூனை. கட்டாரிலிருக்கும் சாச்சாவும் சில நாட்கள் அழைப்பில் சேர்ந்துகொண்டார்.

இப்படிப் பெற்றோரே செய்யும் முறை புதியதல்ல. சிறு பிள்ளைகளின் திக்குவாய்க்கு அவுஸ்திரேலியாவில் உருவான லிட்கம் முறையிலும் சிகிச்சையாளர் வழிகாட்ட, தினமும் வீட்டில் செய்பவர் தாயோ தந்தையோதான். 49 பிள்ளைகளை வைத்து அங்கு செய்து 2016இல் வெளியான ஆய்வில், வீடியோ மூலம் பெற்றவர்கள் கிளினிக்குக்குப் போனவர்களைவிடப் பின்தங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் வீடியோ போதாது. காதுச் சோதனைக்கும், விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் நேரில்தான் போக வேண்டும். டேட்டா முடியும், சிக்னல் போகும். அவற்றைவிடச் சாச்சியை வருத்தியது வேறொன்று. "நீ போனும் கையுமா இருந்ததாலதான் புள்ள பேசல்ல" என்ற பேச்சு. வேலை முழுவதும் தாயின் கையில் வரும்போது குற்றமும் அவர் தலையில் விழுகிறது. இதை மிஸ்ஸிடம் சொன்னபோது, அடுத்த அழைப்புக்கு உம்மம்மாவையும் உட்காரச் சொன்னார். "போன் கூடாதெண்டு சொல்லிப்போட்டு போனிலேயே மருந்தா?" என்று உம்மம்மா கேட்டார். கார்ட்டூன் பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்காது, மனிதர் காத்திருப்பார் என்று மிஸ் விளக்கினார். இப்போது ஐந்து வரை எண்ணுவதில் உம்மம்மாதான் கெட்டி.

பத்து மாதத்தில் அவனிடம் நாற்பது சொற்கள் அளவில் சேர்ந்திருக்கின்றன. மீன் இன்னும் 'மீ'தான்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அழைப்பு நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், மற்றச் சிறுவர்களை வெளியே கூட்டிப் போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் வாய் தெரியும் உயரத்தில் கைபேசியைப் பிடியுங்கள். தாய்க்கு இரண்டு கையும் வேண்டும்.